பேச்சு தொடங்கிய பிறகும் இரண்டு வருடம் ஏன் சுட்டுக்கொண்டார்கள்?

நெய்தல்:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி, இன்று எழுதிவிடுகிறேன். கொரியப் போர் 1950 ஜூன் 25இல் தொடங்கி 1953 ஜூலை 27இல் நின்றது. மூன்று வருடப் போர் என்று படித்திருப்போம். ஆனால் போர்நிறுத்தப் பேச்சு 1951 ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு காலம் ஒரு பக்கம் பேசிக்கொண்டே இன்னொரு பக்கம் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த இரண்டு வருடத்தில் போர்முனைக் கோடு பெரிதாக நகரவே இல்லை. ஒரு குன்றைப் பிடிப்பது, விடுவது, மறுபடி பிடிப்பது, அவ்வளவுதான். அமெரிக்கப் படையின் மொத்தச் சேதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு இந்தக் காலத்தில் வந்ததுதான்.

அந்தப் பேச்சுவார்த்தை நடந்த விதத்தைப் படித்தால் வயிறு எரிகிறது. பேச்சு தொடங்கிய கேசோங் நகரில், அமெரிக்கா தலைமையிலான ஐ.நா. தரப்பின் தலைவர் அட்மிரல் ஜாய்க்குப் போட்டிருந்த நாற்காலி எதிரே இருந்தவருடையதைவிடத் தாழ்வானது. ஐ.நா. தரப்பு மேசையில் ஒரு சின்னக் கொடியை வைத்தது, எதிர்த்தரப்பு அதைவிடச் சில அங்குலம் உயரமான கொடியைக் கொண்டுவந்து வைத்தது. ஆகஸ்ட் 10ஆம் தேதி இரு தரப்பும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் மிச்சம் நின்றது போர்க்கைதிகள் விஷயம். எல்லாரையும் திருப்பி அனுப்பு என்றது சீன, வடகொரியத் தரப்பு. விருப்பமில்லாதவனை அனுப்ப மாட்டோம் என்றது அமெரிக்கா. 1952 ஏப்ரலில் விசாரித்துப் பார்த்ததில் ஏறத்தாழ 70,000 பேர்தான் திரும்பத் தயார் என்று தெரியவந்தது, பேச்சு அத்தோடு முறுக்கிக்கொண்டது.

பேராசை, ஆணவம், மதவெறி என்று நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் ஒரு போர் தொடங்குவதை வேண்டுமானால் விளக்கலாம். கோடு இனி நகராது என்று இருவருக்கும் தெரிந்த பிறகும் நிற்காததை எது விளக்கும்? தொடங்குவதும் தொடர்வதும் வேறு வேறு கேள்விகள் என்பது என் சந்தேகம்.

உலைக்களம்:

எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான் நண்பரே. யாருக்கு லாபம் என்று கேட்டால் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும். சாகிறவன் வேறு, சம்பாதிக்கிறவன் வேறு. செலவு தன் தலையில் விழாதவன் ஏன் நிறுத்துவான்?

அபினிப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1839இல் சீன அதிகாரி லின் ட்செஷூ 20,000 பெட்டிக்கும் மேல் அபினியைப் பறிமுதல் செய்து அழித்தார். அபினி வியாபாரி வில்லியம் ஜார்டின் லண்டனுக்குப் போய் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டனைப் பார்த்து, எத்தனை கப்பல் வேண்டும், எங்கே மறிக்க வேண்டும் என்பதுவரை வரைபடத்தோடு யோசனை சொன்னார். 1840 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் அரசுக்கு எதிராகக் கண்டனத் தீர்மானம் வந்தது, வெறும் 9 வாக்கு வித்தியாசத்தில் அரசு தப்பியது. 1842 நான்கிங் ஒப்பந்தத்தில் சீனா கட்டிய 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலரில் 60 லட்சம் அழிந்த அபினிக்கான ஈடு. போதைப்பொருள் விற்றவனுக்கு நட்டஈடு கொடுக்க ஒரு நாடு தோற்றது. இதற்கு மேல் என்ன கோட்பாடு வேண்டும்?

ஈரான் ஈராக் போர் எட்டு வருடம் நடந்தது. ஈராக்குக்குப் பிரான்ஸ் மிராஜ் விமானங்களைக் கொடுத்தது, சோவியத் டாங்கிகளைக் கொடுத்தது, சீனா இரண்டு பக்கமும் விற்றது. அமெரிக்கா ஈராக்குக்கு ஆதரவு தந்துகொண்டே ஈரானுக்கும் ரகசியமாக ஏவுகணை விற்று மாட்டிக்கொண்டது. இத்தனை பேர் எண்ணெய் ஊற்றினால் தீ எப்படி அணையும்?

கோட்டைவாசல்:

தோழர், அபினிப் போர் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையையும் மறுக்க மாட்டேன். காலனிப் போர்கள் பலவற்றுக்கும் அது பொருந்தும். ஆனால் ஒரு சாவியை வைத்துக்கொண்டு எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்க்கிறீர்கள். 1969 மார்ச்சில் உசூரி ஆற்றில் ஒரு சின்னத் தீவுக்காக சோவியத்தும் சீனாவும் சுட்டுக்கொண்டன. 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்தது, 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாமுக்குள் புகுந்தது. நான்குமே கம்யூனிஸ்ட் அரசுகள். இவற்றில் எந்த முதலாளி சம்பாதித்தான்?

முதலீட்டுக்காரர்கள்தான் 1914இல் முதல் உலகப் போரை விரும்பினார்கள் என்று உங்கள் பக்கம் சொல்வதுண்டு, அதுவும் சரியாக வரவில்லை. ஜூலை 31ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையை இழுத்து மூடினார்கள், திறக்க அடுத்த வருடம் ஜனவரி ஆயிற்று. போர் வரப் போகிறது என்றதும் லண்டன் வங்கிக்காரர்கள் நடுங்கிப்போனார்கள், வேண்டாம் என்று கெஞ்சினார்கள்.

என் பக்கம் எளிமையானது. ஒரு நாட்டுக்குள் என்னை யாராவது அடித்தால் போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. நாடுகளுக்கு மேலே அப்படி யாரும் இல்லை. அதனால் பக்கத்து நாடு வாங்கும் துப்பாக்கி தற்காப்புக்கா, தாக்கவா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, நானும் வாங்குவேன், அதைப் பார்த்து அவனும் பயந்து இன்னும் வாங்குவான், கடைசியில் இருவருமே முன்பைவிடப் பாதுகாப்பில்லாமல் நிற்போம். ஏதென்ஸ் வளர்ந்ததும் அதைக் கண்டு ஸ்பார்ட்டா அஞ்சியதும்தான் போரைத் தவிர்க்க முடியாததாக்கியது என்று 2,400 வருடத்துக்கு முன் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியதும் இதைத்தான்.

1914இல் பெர்லினில் இருந்த பயம் என்ன? ரஷ்யாவின் பெரிய படைத் திட்டம் 1917இல் முடிந்துவிடும், அதற்குப் பிறகு நம்மால் தாக்குப்பிடிக்க முடியாது, வருவது வரட்டும், இப்போதே வந்துவிடட்டும். இது பேராசை பேசும் பேச்சா? பயம் பேசும் பேச்சு.

அதே ஜூலையில் ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்ததைப் பாருங்கள். 29ஆம் தேதி இரவு, மொத்தப் படையையும் திரட்டும் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தளபதி மத்தியத் தந்தி அலுவலகத்தில் காத்திருக்கிறார், தந்திகள் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. ஜார் மனம் மாறிவிட்டார், நிறுத்து என்று தொலைபேசி வருகிறது. ஜெர்மன் கைசரிடமிருந்து வந்த தந்திதான் அவரைத் தயங்க வைத்தது. மறுநாள் முழுக்க அமைச்சர்களும் தளபதிகளும் அவரைக் கரைக்கிறார்கள். மதியம் அவர் சம்மதித்ததும் வெளியுறவு அமைச்சர் சசோனவ் படைத்தலைவர் யானுஷ்கெவிச்சைக் கூப்பிட்டு, இனி உங்கள் தொலைபேசியை உடைத்துவிடலாம் என்கிறார். மறுபடி ரத்து உத்தரவு வந்தால் காதில் விழக் கூடாது என்று அவர்களே முன்பே பேசி வைத்திருந்தது அது. இந்த ஆட்கள் லாபக் கணக்கு பார்க்கவில்லை. ஒரு நாள் தாமதித்தால் எதிரி முந்திவிடுவான் என்று நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

நெய்தல்:

தொலைபேசிக் கதை மனதை என்னவோ செய்கிறது. ஆனாலும் கோட்டைவாசல் அண்ணா, உங்கள் விளக்கத்தில் ஒரு இடம் இடிக்கிறது. மேலே யாரும் இல்லை என்பது எல்லா நாட்டுக்கும் எல்லா நாளும் உண்மை. அப்படியானால் எல்லாரும் எப்போதும் சண்டையில் இருக்க வேண்டுமே. பெரும்பாலான எல்லைகளில் பெரும்பாலான வருடங்களில் ஒன்றும் நடப்பதில்லை.

ஜேம்ஸ் ஃபியரன் என்ற அரசியல் அறிஞர் 1995இல் எழுதிய கட்டுரை ஒன்று என் யோசனையையே மாற்றியது. அவர் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். 100 சதுர மைல் நிலத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். அடித்து முடித்தால் 60க்கு 40 என்று பிரியும், ஆளுக்கு 10 மைல் பெறுமான நஷ்டமும் சேரும் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பதற்கு முன்பே 60க்கு 40 என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் 10 மிச்சம். ஆக எந்தப் போரிலும், போருக்கு முன்னால், இருவருக்கும் போரைவிட நல்லதாக ஒரு பேரம் இருந்தே தீரும். அதை ஏன் எட்ட முடியவில்லை? கேள்வியை இப்படிப் போட்டால் பேராசை, பகை என்பதெல்லாம் பதிலாகாது. பேராசைக்காரனுக்கும் பேரம்தானே மலிவு.

இரண்டு காரணம்தான் பெரிதாக மிஞ்சுகிறது. ஒன்று, தன் பலம் எவ்வளவு, எதுவரை தாங்குவேன் என்பது அவனவனுக்கு மட்டும் தெரியும், அதை உள்ளபடி சொல்ல யாருக்கும் ஆதாயமில்லை. நமக்குத் தெரிந்த கதையே இருக்கிறது. அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான், வேலெல்லாம் நெய் பூசிப் பளபளவென்று இருக்கிறது. ஔவை சொல்கிறார், இவை அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவை நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அவன் காட்டியது பலம் என்று நினைத்தான். பழகாத படை என்று அவர் படித்தார். போருக்கு முன் ஒருவன் பலத்தை இன்னொருவன் கணிப்பதில் எவ்வளவு சிக்கல் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். இன்று கையெழுத்திட்டதை நாளை அவன் காப்பாற்றுவான் என்று எப்படி நம்புவது? செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியைப் பெற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் ஹிட்லர் 1938 செப்டம்பரில் மூனிக்கில் கையெழுத்துப் போட்டார், 1939 மார்ச் 15இல் அந்நாட்டுத் தலைநகர் பிராகுக்குள்ளேயே நுழைந்தார். அதன் பிறகு அவரோடு எந்தப் பேரமும் பேரமே இல்லை. 1943 ஜனவரியில் காசாபிளாங்காவில் ரூஸ்வெல்ட் நிபந்தனையற்ற சரணாகதி என்று அறிவித்ததை வீம்பு என்று நான் நினைக்கவில்லை. நம்ப முடியாதவனோடு பாதியில் நிறுத்த முடியாது.

தும்பை:

இவ்வளவும் படித்துவிட்டு எனக்கு ஒரு வருத்தம். 60க்கு 40, 10 மைல் மிச்சம் என்ற கணக்கில் மனிதன் எங்கே? போருக்குப் போகிறவர்கள் சதுர மைலுக்காகச் சாவதில்லை.

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நம் இலக்கணக்காரர்கள் போரை வகை பிரித்தபோது இதைக் கவனித்திருக்கிறார்கள். வெட்சி ஆநிரை கவர்வதற்கு, அது பொருள். வஞ்சி மண்ணாசையில் எழுவது. தும்பை வேறு, வலிமையே பொருளாக வந்தவனோடு மோதுவது. அங்கே மாடும் இல்லை, மண்ணும் இல்லை. யார் பெரியவன் என்பது மட்டும்தான். அந்த மூன்றாவதைப் பேரத்தில் எப்படிப் பிரிப்பீர்கள்? எனக்குப் பாதி பெருமை, உனக்குப் பாதி பெருமை என்றா?

எத்தியோப்பியா எரித்திரியா போர் 1998 மேயில் தொடங்கியது. பாட்மே என்ற வறண்ட சிற்றூர்தான் சண்டைக்கு மையம். எண்ணெய் இல்லை, தங்கம் இல்லை. இரண்டு நாட்டுத் தலைவர்களும் முன்பு ஒரே சர்வாதிகார ஆட்சியை எதிர்த்துக் கூட்டாளிகளாகப் போராடியவர்கள். இரண்டு வருடத்தில் பல்லாயிரம் பேர் செத்தார்கள், பதுங்குகுழிப் போர், முதல் உலகப் போரைப் பார்ப்பது போல. 2000 டிசம்பரில் ஒப்பந்தம் ஆனது, 2002 ஏப்ரலில் எல்லை ஆணையம் பாட்மே எரித்திரியாவுக்கு என்று தீர்ப்புச் சொன்னது. எத்தியோப்பியா இறங்கி வரவில்லை. அந்தத் தீர்ப்பை முழுசாக ஏற்கிறோம் என்று அந்த நாட்டு அரசு அறிவிக்க 2018 ஆயிற்று. பதினாறு வருடம்! இத்தனை பேர் செத்த இடத்தை எப்படிக் கொடுப்பது என்பதுதான் அங்கே பேச்சாக இருந்தது. அந்த ஊரின் மதிப்பு அங்கே விழுந்த பிணங்களால் ஏறியது. போர் ஏன் தொடர்கிறது என்று கேட்டீர்களே நெய்தல், செத்தவர்களால் தொடர்கிறது. அவர்கள் வீணாகச் சாகவில்லை என்று காட்ட இன்னும் பேரை அனுப்புகிறோம்.

உலைக்களம்:

தும்பை, உங்கள் உணர்வை மதிக்கிறேன், ஆனால் பாட்மேயில் நீங்கள் பாதிக் கதைதான் சொன்னீர்கள். 1997 நவம்பரில் எரித்திரியா நக்ஃபா என்று தனி நாணயம் வெளியிட்டது. அதுவரை இரண்டு நாட்டிலும் ஒரே நாணயம். உடனே எத்தியோப்பியா, எல்லை வணிகத்துக்கு இனி டாலர் கொடு என்றது. அசாப் துறைமுகமும் எரித்திரியாவிடம் போயிருந்தது, எத்தியோப்பியா கடலில்லாத நாடாகிவிட்டது. இதெல்லாம் நடந்து ஆறு மாதத்தில் போர். பெருமை என்பது மேலே போர்த்திய போர்வை, உள்ளே இருப்பது காசும் துறைமுகமும்.

தும்பை:

நக்ஃபா விஷயத்தை நான் விட்டுவிட்டது தவறு, ஒத்துக்கொள்கிறேன். உறவு கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் காசும் துறைமுகமும்தான் என்றால் போரின் விளைவைப் பாருங்கள். எத்தியோப்பியா அசாபைப் பயன்படுத்தும் வழியே அடைபட்டது, சரக்கெல்லாம் ஜிபூட்டிக்குத் திரும்பியது. அசாப் வெறிச்சோடிப் போனது. துறைமுகத்துக்காகச் சண்டை போட்டவர்கள் அந்தத் துறைமுகத்தையே இருவருக்கும் பயனில்லாமல் ஆக்கி, அதற்குப் பிறகும் பதினாறு வருடம் ஒரு சிற்றூரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்றால் அதை லாப நோக்கம் என்று என்னால் எழுத முடியவில்லை.

எண்ணும்எழுத்தும்:

எல்லாரும் நடந்த போர்களை மட்டும் எடுத்து வைத்துப் பேசுகிறீர்கள். நடக்காததை யார் பார்ப்பது? 1962 அக்டோபரில் அமெரிக்காவும் சோவியத்தும் மோதவிருந்த கியூபா விவகாரத்தில் பயம் இருந்தது, மானப் பிரச்சினை இருந்தது, நம்பிக்கை துளியும் இல்லை, ஆயுத வியாபாரிகளும் இருந்தார்கள். போர் வரவில்லை. 1898இல் ஆப்பிரிக்காவின் ஃபஷோடாவில் பிரிட்டனும் பிரான்சும் நேருக்கு நேர் நின்றன, பிரான்ஸ் பின்வாங்கியது. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணமும் அமைதியான வருடங்களிலும் இருந்தது. நோயாளிகளை மட்டும் பார்த்துவிட்டு, இவர்கள் எல்லாரும் தண்ணீர் குடித்தவர்கள், ஆகவே தண்ணீரால் நோய் என்று சொல்ல முடியுமா?

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. வானிலையைக் கணக்குப் போட்டு முன்னறியலாம் என்று காட்டிய மனிதர், போரை ஏற்காத குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர், முதல் உலகப் போரில் துப்பாக்கி தொட மறுத்து பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். வானிலைத் துறையை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்ததும் வேலையை விட்டார். பிற்காலத்தைப் போர்களை எண்ணுவதிலேயே செலவழித்தார். 1820க்குப் பிந்தைய நூற்றுக்கும் மேற்பட்ட வருடங்களின் சண்டைகளைச் சாவு எண்ணிக்கைப்படி அடுக்கிப் பார்த்தால், அவை தொடங்கும் தேதிகள் ஏறக்குறைய தற்செயல் நிகழ்வுகளைப் போலவே சிதறியிருந்தன. ஒரே மொழி பேசினால் சண்டை குறையும் என்பதற்கு அவர் தேடியும் ஆதாரம் கிடைக்கவில்லை. அவர் கண்ட சில உறவுகளில் ஒன்று, ஒரு நாட்டுக்கு எத்தனை அண்டை நாடுகள் இருக்கின்றனவோ அதற்கேற்பப் போர்களும் கூடுகின்றன என்பது. இவ்வளவுதான். வாழ்நாளைக் கொடுத்த மனிதருக்குக் கிடைத்தது இவ்வளவுதான் என்றால் நாம் இங்கே இவ்வளவு உறுதியோடு பேசுவது சரியா?

ஜனநாயக நாடுகள் தங்களுக்குள் போரிடுவதில்லை என்பதையும் யாராவது கொண்டுவருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 1999இல் கார்கில் நடந்தபோது இரண்டு பக்கமும் தேர்தலில் வந்த பிரதமர்கள், இரண்டு பக்கமும் அணுகுண்டு.

கோட்டைவாசல்:

கார்கிலில் மறுபக்கம் பிரதமரின் பேச்சு படைத்தலைமையிடம் எவ்வளவு செல்லுபடியானது என்பது அதே வருட அக்டோபரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோதே தெரிந்துவிட்டது. அதனால் அந்த உதாரணம் கொஞ்சம் தள்ளாடுகிறது. ஆனால் நடக்காத போர்களையும் எண்ண வேண்டும் என்பது சரியான அடி, வாங்கிக்கொள்கிறேன். அண்டை நாடுகள் அதிகமானால் போர் அதிகம் என்பது என் பயக் கணக்கோடு ஒத்துப்போகிறது என்றும் குறித்துவைக்கிறேன்.

நெய்தல் கேட்ட கொரியக் கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, நான் ஒன்று சொல்கிறேன். 1951 ஜூனில் ஸ்டாலின் மாவோவுக்கு அனுப்பிய தந்தி பின்னாளில் சோவியத் ஆவணங்கள் திறந்தபோது வெளியே வந்தது. போர் இழுத்துக்கொண்டு போவது சீனப் படைக்கு நவீனப் போரைக் கற்றுத்தரும், அமெரிக்காவில் ட்ரூமன் ஆட்சியை ஆட்டும் என்பது அதன் சாரம். ஸ்டாலின் 1953 மார்ச் 5இல் இறந்தார். இரண்டே வாரத்தில், மார்ச் 19இல், மாஸ்கோவில் போரை முடிக்க முடிவெடுத்தார்கள். அதற்குப் பின் நான்கு மாதத்தில் போர் நிறுத்தம். போர்க்கைதிகள் விஷயம் பெரிய தடைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தடையைத் தாண்டாமல் இருப்பதில் ஒருவருக்கு ஆதாயம் இருந்தது, அவர் படைவீரர்கள் அந்தக் குன்றுகளில் சாகவில்லை.

உலைக்களம்:

செலவு தன் தலையில் விழாதவன் ஏன் நிறுத்துவான் என்று நான் முதலில் எழுதியதை கோட்டைவாசல் அண்ணன், ஸ்டாலினை வைத்தே நிரூபித்துவிட்டார். வலிக்கிறது, ஆனால் அந்தத் தந்தி உண்மைதான், அதை நான் மழுப்ப மாட்டேன். முதலாளி என்ற சொல்லை எடுத்துவிட்டு அதிகாரத்தில் இருப்பவன் என்று போட்டுக்கொள்ளுங்கள், என் வாதம் அப்படியே நிற்கும்.

1982 ஃபாக்லாந்து போரையும் பாருங்கள். அர்ஜென்டினாவில் பொருளாதாரம் படுத்துவிட்டது, மார்ச் 30இல் புவெனஸ் அயர்ஸ் தெருவில் தொழிலாளர்கள் ராணுவ ஆட்சியை எதிர்த்துத் திரண்டு அடிவாங்கினார்கள். ஏப்ரல் 2இல் பிரிட்டன் வசமிருந்த அந்தத் தீவில் படை இறங்கியது. அதே ஊரின் சதுக்கத்தில் அதே ராணுவ ஆட்சியை வாழ்த்தி மக்கள் கூடினார்கள். படையெடுப்புத் திட்டம் மாதக்கணக்கில் முன்பே போட்டதுதான், மூன்று நாளில் முளைத்ததல்ல என்பது தெரியும். ஆனால் உள்ளே ஆட்டம் கண்ட ஆட்சி வெளியே ஒரு தீவைத் தேடியது என்பதை யார் மறுப்பது? 649 அர்ஜென்டினர்கள், 255 பிரிட்டிஷ் படையினர். இரண்டாயிரம் பேர்கூட வாழாத தீவுக்கு.

நெய்தல்:

இப்போது தொடர்வது பற்றி எனக்கு ஓரளவு பிடி கிடைக்கிறது, ஈரான் ஈராக்கை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன், தோழர் தவறிருந்தால் திருத்துங்கள்.

1980 செப்டம்பரில் ஈராக் அதிபர் சதாம் தாக்கினார். ஈரானின் கோரம்ஷஹர் நகரம் அக்டோபரில் விழுந்தது. 1982 மே 24இல் ஈரான் அதை மீட்டது. ஜூனில் ஈராக் பின்வாங்கத் தயார் என்றது. அங்கேயே முடிந்திருக்க வேண்டிய போர் அது. படையெடுத்தவன் தோற்றான், நிலம் திரும்பக் கிடைத்தது. ஜூலையில் ஈரான் ஈராக்கின் பாஸ்ரா நோக்கி எல்லையைத் தாண்டியது, இன்னும் ஆறு வருடம், இன்னும் பல லட்சம் பேர். போரை நிறுத்தச் சொன்ன ஐ.நா. தீர்மானம் 598ஐ 1988 ஜூலையில் ஈரானின் தலைவர் கோமெய்னி ஏற்றபோது, நஞ்சைக் குடிப்பது போன்றது என்று சொன்னார். எல்லை கிட்டத்தட்ட 1980இல் இருந்த இடத்திலேயே இருந்தது.

1982இல் ஏன் நிறுத்தவில்லை? ஆயுதம் விற்றவர்களால் போர் நீள முடிந்தது, ஆனால் எல்லை தாண்டும் முடிவை அவர்கள் எடுக்கவில்லை. டெஹ்ரானின் கோரிக்கை சதாம் போக வேண்டும் என்பது. இந்த ஆளை விட்டுவைத்தால் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி வருவான் என்ற எண்ணம் அதில் இருந்தது. அது வெறும் பிரமையும் இல்லை, போர் முடிந்து இரண்டே வருடத்தில் 1990 ஆகஸ்ட் 2இல் அவர் குவைத்துக்குள் நுழைந்தார். அதே மாதம், ஈரானோடு எட்டு வருடம் எதற்காகச் சண்டை போட்டாரோ அந்த 1975 எல்லைக் கோட்டையும் திரும்ப ஏற்றுக்கொண்டார்! தும்பை சொன்ன செத்தவர்கள் கணக்கும் இங்கே இருக்கிறது, புரட்சியின் பெருமை இருக்கிறது, கோமெய்னியின் ஆட்சி போரில் இறுகியதும் இருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில், இவன் கையெழுத்து காகிதத்துக்குக்கூடப் பெறாது என்ற எண்ணம்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

தும்பை:

அடியில் கிடப்பது அதுதான் என்று நீங்கள் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? நஞ்சு என்ற சொல் பேரத்தில் தோற்றவன் வாயில் வருமா? அவமானப்பட்டவன் சொல் அது.

எண்ணும்எழுத்தும்:

போர் முடிந்த ஒரு கதையைச் சொல்கிறேன், நீங்கள் இருவரும் சொல்வது அதில் சேர்ந்தே வருகிறது. எக்வடோரும் பெருவும் அமேசான் எல்லைக்காக 1941, 1981, 1995 என்று மூன்று முறை மோதின. கடைசிச் சண்டையில் திவின்சா என்ற காட்டுக் காவல்முனை எக்வடோரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்த பெயராகிவிட்டது, அங்கே அவர்கள் வீரர்கள் புதைக்கப்பட்டிருந்தார்கள். வரைபடப்படி அது பெருவுக்குப் போக வேண்டும். கொடுத்தால் எக்வடோர் அரசு நிற்காது. மறுத்தால் பெரு ஒப்பாது. 1998 அக்டோபர் 26இல் பிரேசிலியாவில் கையெழுத்தான தீர்வு இது: திவின்சா பெருவின் மண். ஆனால் அதில் ஒரு சதுர கிலோமீட்டர் எக்வடோர் அரசுக்குத் தனியார் சொத்தாக. ஒரு ஆள் இன்னொரு நாட்டில் வீட்டுமனை வைத்திருப்பது போல. இறையாண்மை கிடையாது, படை வைக்க முடியாது. புதைத்த இடத்துக்குப் போய் நிற்கலாம்.

தும்பை:

இது எனக்குத் தெரியாது. ஒரு சதுர கிலோமீட்டரில் அவர்களை விட்டுவிடாமல் இருக்க முடிந்தது. பெருமையைப் பாதியாகப் பிரிக்க முடியுமா என்று கேட்டேன், முடியும் போலிருக்கிறது, யாராவது உட்கார்ந்து அவ்வளவு நுணுக்கமாக யோசித்தால்.

உலைக்களம்:

யோசித்தது மட்டும் போதுமா? அந்தத் தீர்வில் அர்ஜென்டினா, பிரேசில், சிலி, அமெரிக்கா நான்கும் பொறுப்பேற்றன, இரண்டு நாட்டு நாடாளுமன்றங்களும் தீர்ப்பு வருவதற்கு முன்பே அதற்குக் கட்டுப்படுவோம் என்று ஒப்புக்கொடுத்தன. தீர்ப்பு பிடிக்காவிட்டாலும் உள்ளூரில் பழி போட வெளியே ஆள் இருந்தது. பாட்மேயிலும் ஆணையம் கட்டுப்படுத்தும் தீர்ப்புதான் சொன்னது, ஆனால் அதை நிறைவேற்று என்று எத்தியோப்பிய அரசை அழுத்த வல்லரசு எதற்கும் மனமில்லை. இதையும் கணக்கில் சேருங்கள் நெய்தல். யார் கையெழுத்தை நம்புவது என்பதோடு, மீறினால் யார் கேட்பார்கள், கேட்பவனுக்கு அதில் என்ன அக்கறை என்பதையும்.

நெய்தல்:

சேர்க்கிறேன் தோழர். கொரியாவில் 1953இல் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டும்தான், அமைதி ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. அந்தத் தாளில் தென்கொரியா கையெழுத்தே போடவில்லை, அந்நாட்டு அதிபர் சிங்மன் ரீ மறுத்துவிட்டார், அவரைச் சம்மதிக்க வைக்க அமெரிக்கா தனியாகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொடுக்க வேண்டியிருந்தது. எழுபது வருடத்துக்கு மேல் அந்தக் கோடு நிற்பதற்குக் காரணம் தாளா, ஒப்பந்தமா, கோட்டுக்கு இருபுறமும் நிற்கும் படையா என்று கோட்டைவாசல் அண்ணா சொல்லட்டும். அவர் பதில் எனக்குத் தெரியும், ஆனாலும் எழுதச் சொல்கிறேன். ரீ கையெழுத்துப் போடாமல் இருந்ததை நான் இதுவரை பிடிவாதம் என்று மட்டுமே நினைத்திருந்தேன், அதை மறுபடி படிக்க வேண்டும்.